வாய் கேட்ட வழக்காடி

முன்னொரு காலத்தில், கொடுத்த தீர்ப்பை மாற்றாமல் இருப்பதே பெருமை என்று நினைத்த ராஜா ஒருவர் இருந்தார். "முடிந்த வழக்கைச் சபையில் திறப்பவரை நாடு கடத்துவேன்" என்று ஒருநாள் திடீரென்று ஆணை போட்டுவிட்டார்.

அதில் மாட்டிக்கொண்டவள் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வெள்ளைத்தாயி. அவளுடைய கிணற்றைப் புருஷனின் பங்காளி பறித்துக்கொண்டான். கூலிக்கு வழக்குப் பேசும் வழக்காடி தாண்டவராயரை நம்பிக் கிணற்றுக்கான ஓலையைக் கொடுத்தாள். மனிதர் விசாரணைக்கு விசாரணை வாய்தா கேட்டு நாளைத் தள்ளினார். கடைசி நாளில் வாயே திறக்கவில்லை. வழக்குத் தோற்றது. தண்ணீரில்லாமல் கொடி வாடியது. வெள்ளைத்தாயி தாண்டவராயர் மேலேயே பிராது கொடுத்தாள். வழக்காடியை எதிர்த்து எந்த வழக்காடி பேசுவான்? அரண்மனை விகடன் மாவடியான்தான் மனம் பொறுக்காமல் முன்வந்தான்.

தாண்டவராயருக்கு ஒரே கொண்டாட்டம். விகடனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்; பழைய வழக்கைத் திறக்கவைத்தால் அவனை நாடு கடத்திவிடலாமே!

"பிரபு, நான் பேசியிருந்தாலும் இவள் தோற்றிருப்பாள். இல்லையென்றால் மாவடியான் பழைய வழக்கைத் திறந்து காட்டட்டும்! மற்றபடி பதில் சொல்ல எனக்கு வாய்தா வேண்டும்."

மாவடியான் கைகூப்பினான். "கொடுத்துவிடுங்கள், மன்னா. வாய் தா, வாய் தா என்று பாவம் எத்தனை நாளாகக் கேட்கிறார்! வாய் இல்லாதவர் வழக்குப் பேச வந்ததுதான் பிசகு."

சபை கொல்லென்று சிரித்தது.

"எனக்கா வாய் இல்லை?" தாண்டவராயர் துள்ளி எழுந்தார். ரோஷம் கண்ணை மறைத்தது. தன் மூட்டையிலிருந்து வெள்ளைத்தாயியின் ஓலையை உருவிக் கட்டைப் பிரித்தார். "கேளுங்கள்! கிணறு இவள் மாமனார் வெட்டியது. சாட்சிக் கையெழுத்து யாருடையது? அந்தப் பங்காளியின் பாட்டனுடையதே! இதற்குமேல் என்ன வேண்டும்?"

முழங்கி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ராஜா முகத்தைச் சுளித்தார். "மாவடியான், பழைய வழக்கைத் திறந்துவிட்டாயே!"

"நான் அவர் வாயை மட்டும்தான் திறந்தேன், மன்னா. வழக்கைத் திறந்தவர் அவர்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதல்முறையாகத் தன் தீர்ப்பை மாற்றினார்; கிணறு வெள்ளைத்தாயிக்குத் திரும்பியது. முத்துமாலை மாவடியான் கழுத்தில் விழுந்தது. தாண்டவராயரை நாடு கடத்தவில்லை. கொடி தளிர்க்கும்வரை அவர் தண்ணீர் இறைக்க வேண்டும்.

வெள்ளைத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இம்புட்டு அழகாப் பேசத் தெரிஞ்ச மனுசன், அன்னைக்கு ஏஞ்சாமி சும்மா நின்னீக?"

தாண்டவராயர் தலையைச் சொறிந்தார். "ஓலையை இன்னைக்குத்தான் தாயி பிரிச்சேன்."

"தளிர்த்த பிறகும் ஒரு மாதம் இறைக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு ராஜா மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.