கறுப்பு வண்டியின் பின்கதவு

கதையைச் சொல்வது என் வேலை, தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை. கவனமாகக் கேளுங்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வையாபுரிக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று ஐம்பதுகளில் கப்பலில் வந்த கறுப்பு வண்டி. மற்றது நாற்பது வருஷம் பிந்தி வந்த வெள்ளி நிற வண்டி. வெள்ளி வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது, மலை ஏறுவதே தெரியாது. கறுப்பு வண்டியைச் சோக் இழுத்துக் கெஞ்சிக் கிளப்ப வேண்டும். ஏற்றத்தில் சூடேறினால் நின்றுவிடும். அதன் பின்கதவுகளில் உள்கைப்பிடி எப்போதோ உடைந்துவிட்டது. அதே காலத்துக் கைப்பிடி கிடைக்காததால் வையாபுரி வேறு போட விடவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தபடி மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டுவார். மூத்த மகன் செங்கோடன் ஓடிப்போய் வெளியிலிருந்து திறந்துவிடுவான்.

இளவயதில் அந்த வண்டியைப் பலாமரத்தில் உரசிவிட்டான் செங்கோடன். அதோடு சாவி பறிபோனது. கதவு திறக்கும் வேலை மட்டும் மிஞ்சியது, தலை நரைத்த பிறகும். வெள்ளி வண்டி இளையவன் தனபாலுக்குக் கல்யாணப் பரிசாகப் போனது. செங்கோடன் எதையும் மறக்கவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் வையாபுரி கடைசியாகச் சொன்னது இது: "என்னை நம்ம வீட்டுக்குள்ள கொண்டுபோய் விடறவனுக்குக் கறுப்பு வண்டி."

உடலைச் சேலத்திலேயே எரித்தார்கள். வெளியூரில் இறந்தவரின் ஆவியை, அவர் தலைமாட்டில் வைத்த எலுமிச்சம்பழத்தோடு கூப்பிட்டு அழைத்துவருவது அந்தக் குடும்பத்து வழக்கம். எரித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது தனபால் சொன்னான்: "கறுப்பு எனக்கு வரட்டும்ணா. கண்காட்சியில நிறுத்தினா ஊரே சுத்தி நிக்கும்."

"நிறுத்தி வெக்க பொம்மை வாங்கிக்க. இது ஓட்டறவனுக்கு."

"நீ எங்க ஓட்டின? கதவுதானே திறந்த."

செங்கோடன் சாவியை எடுத்துக்கொண்டு கறுப்பு வண்டிக்குப் போனான். பின்கதவைத் திறந்து, "ஏறுங்கப்பா" என்றான். கொஞ்சம் பொறுத்து மூடினான். பழத்தை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தான். ஒவ்வொரு வளைவிலும், "திரும்பறோம்ப்பா, கூடவே வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். ஒரு வளைவில் பின்சீட்டு ஸ்பிரிங் முனகியது. கண்ணாடியில் பார்த்தான். சீட்டு காலியாக இருந்தது, நடுவில் மட்டும் அமுங்கியிருந்தது.

பாதி மலையில் வண்டி சூடேறி நின்றது. பின்னால் வெள்ளி வண்டியில் வந்த தனபால் முன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பழத்தை எடுத்தான். "அப்பாவை நடுரோட்டில விட்டுடாதேண்ணா. நான் கொண்டுபோறேன்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனவன், வீடு சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. பழத்தைக் கொண்டுபோய் விளக்கு முன்னால் வைத்தான்.

எஞ்சின் ஆறியதும் செங்கோடன் கிளப்பினான். பழம் இல்லாவிட்டாலும் வளைவுக்கு வளைவு கூப்பிடுவதை விடவில்லை. பனி இறங்கும் நேரத்தில் வாசலில் வந்து நிறுத்தினான். ஓட்டி வந்த மிதப்பில் குதித்து இறங்கி, நேரே படியில் நின்ற தம்பியிடம் சண்டைக்குப் போனான். வீட்டு நாய் மட்டும் கறுப்பு வண்டியை விட்டு நகரவில்லை. பின் ஜன்னலைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

டொக், டொக் என்று ஒரு சத்தம்.

"பனி சொட்டுது," என்றான் தனபால்.

இப்போது சொல்லுங்கள்: வையாபுரியை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டது யார்? கறுப்பு வண்டி யாருக்கு?

விடை: இருவருக்கும் இல்லை. தனபால் கொண்டுபோனது பழத்தை மட்டும்தான். வையாபுரி தன்னை ஏறச் சொன்ன வண்டியில் ஏறினார், கூப்பிட்ட குரலோடு வந்தார். ஆனால் செங்கோடன் அவரை வாசல்வரைதான் கொண்டுவந்தான். அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. வெளியிலிருந்து யாரும் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு அந்தச் சத்தம் பனியாக இருக்கலாம். ஆயுசெல்லாம் அதைக் கேட்டு ஓடியவனுக்குத் தெரியாமல் போகுமா? செங்கோடன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.