கத்தி வைக்குமுன் கேட்டவர்

ஓலைமலை வேலவன் கோயிலின் அடிவாரத்தில், முடியிறக்கும் கொட்டகையில் வையாபுரியார் நாற்பது ஆண்டுகள் சவரக்கத்தி பிடித்தார். காலையில் கத்தியை வேலவன் படத்தின்முன் வைத்துக் கும்பிட்ட பிறகே முதல் தலையைத் தொடுவார். கும்பிடும்போது கை நடுங்கும். நடுங்காமல் என்ன செய்யும்? தம் ஒரே மகனுக்கு முதல்முடி இறக்கியதும் அந்தக் கைதான். கடுகளவு கீறல், இரத்தம் நிற்கவேயில்லை. இரத்தம் உறையாத நோய் அது என்பது பிள்ளையைப் பறிகொடுத்த பிறகே தெரிந்தது.

அன்றுமுதல், வந்து அமர்கிறவர் பணக்காரரானாலும் கூலிக்காரரானாலும், "காயம் பட்டா ரத்தம் நிக்குமுங்களா?" என்று கேட்காமல் அவர் கத்தி வைத்ததில்லை. நல்ல காரியத்தில் இரத்தப் பேச்சா என்று ஏசினார்கள். அபசகுனம் என்றே பெயர் வைத்தார்கள். அவரோ அடுத்தவரிடமும் அதையே கேட்டார்.

ஒரு தைப்பூசத்தன்று பூங்கொடி என்பவள் கணவனோடும் மூன்று வயது மகனோடும் வந்தாள். கேள்வியைக் கேட்டதும் கணவனைப் பார்த்தாள். பிள்ளையின் முழங்கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. உள்ளே இரத்தம் கசிந்து நிற்காததன் அடையாளம் அது என்று வையாபுரியாருக்குத் தெரியும். கத்தியை மடித்துவிட்டு, கத்தரிக்கோலால் மூன்று கற்றை பூமுடி மட்டும் எடுத்தார். மாவட்ட அரசு மருத்துவமனைச் செவிலியரின் எண் எழுதிய சீட்டைக் கொடுத்து, மருந்து இலவசம், இன்றே போங்கள் என்று கெஞ்சினார். பூங்கொடி சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். கணவனோ, வேண்டுதலையே கெடுத்துவிட்டார் என்று தர்மகர்த்தாவிடம் முறையிட்டான்.

மறுநாள் சந்நிதியில் பூ கேட்பதென்று முடிவாயிற்று. சாமிமுன் போட்ட இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுக்கும்போது வெள்ளைப் பூ வந்தால் இருக்கலாம். சிவப்பு வந்தால் கொட்டகையை விட்டுப் போகவேண்டும். சாமிக்கு நேர்ந்த முடியைத் தடுத்தது பாவந்தானோ என்று எண்ணியபடியே அவர் சந்நிதியில் கைகூப்பி நின்றார்.

"வேலா, தப்புன்னா என்னத் தண்டிச்சுக்க. அந்தக் கொழந்தைய விட்டுரு" என்றார்.

அர்ச்சகர் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை அரளி. வையாபுரியார் விழுந்து கும்பிட்டு அழுதார்.

பத்து நாள் கழித்து அந்தத் தகப்பனே மகனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். வெள்ளைப் பூவைக் கண்டு சீட்டோடு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். பரிசோதனையில் அதே நோய்தான்; ஊசி மருந்தில் வீக்கம் வடிந்திருந்தது. வையாபுரியார் வழக்கம்போல் கேட்க வாயெடுத்தார். வரிசையில் நின்றவர்கள் அனைவர் காதிலும் விழும்படி அவனே முந்திக்கொண்டு சொன்னான்:

"எம்மவனுக்கு ரத்தம் நிக்காதுங்க. நீங்க எடுத்த மூணு கத்தையே சாமிக்குப் போதுமுங்க."

அன்றும் அவர் கை நடுங்கிற்று. அந்த நடுக்கத்தையே வேலவன் தொண்டாக ஏற்றுக்கொண்டான். வையாபுரியாரின் திருவடிகள் வாழ்க.