ரேடியோவில் வராத ஆறு நிமிஷப் பாட்டு

காசிமேட்டில் ராப் பாடும் குப்புராஜுக்கு நாற்பத்திரண்டு வயசு. பிழைப்புக்கு ஆட்டோ. அவருக்குப் பாட்டு கட்டச் சொல்லிக்கொடுத்த ரெஜினாவுக்கு இருபத்தெட்டு. அவர் அவளை 'மாஸ்டர்' என்பார், அவள் அவரை 'அண்ணே' என்பாள். இதில் ரெண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது.

அன்று விடிந்ததும் விடியாததுமாகக் குப்புராஜ் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் செத்துக் கிடந்தது. அவருடைய புது ஹிப்-ஹாப் ஆல்பத்தை வெளியிட ஒரு கம்பெனி முன்வந்திருக்கிறது. தினமும் எஃப்எம்மில் போடவைப்பார்களாம், ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுவார்களாம். ஆனால் கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பியைப் பற்றி அவர் பாடிய பாட்டை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். ஆறு நிமிஷப் பாட்டை எந்த ரேடியோவும் போடாது, அது ஆல்பத்துக்கு வீண் பாரம் என்கிறார்கள். பதில் கேட்டு எட்டு மணிக்குப் போன் வரும்.

"ஆல்பம் விக்கிறது பாட்டாலயா, ரேடியோவாலயா மாஸ்டர்?"

"போன ஆல்பம் ரேடியோல வந்துச்சே, எப்படிண்ணே?"

குப்புராஜ் தலையைச் சொறிந்தார். அவளுக்குத் தெரியாததா என்ன! ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பொய்ப் பெயர் சொல்லி எஃப்எம்முக்குப் போன் போட்டு அவருடைய குத்துப் பாட்டை விரும்பிக் கேட்டார்கள். ஒரு வாரம் அந்தப் பாட்டு ஓடு ஓடு என்று ஓடியது.

"போன் போட்டவங்கள்ல யாரு ஆல்பம் வாங்குனா?"

"ஒருத்தனும் வாங்கல."

"வேற யாரு வாங்குனா?"

ரேடியோவில் கேட்டுவிட்டு அவர் மேடையில் பாடுவதைப் பார்க்க வந்தவர்களாம். அங்கே அவர் தம்பி பாட்டையும் பாடினார். கூட்டம் முடிந்ததும் வந்து ஆல்பம் வாங்கினார்கள். தம்பி பாட்டு இதில் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். அடுத்ததில் வரும் என்று அவர் வாக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ரெஜினா அவரை ஆட்டோவை எடுக்கச் சொல்லி மீன் ஏலத்துக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே ஏலம் கூவுகிறவர் தேவராஜ். அந்த மனுஷன் வாயைத் திறந்தால் படகில் இருக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். ஒரு கூடையைக் காட்டிக் கூவினார். வியாபாரிப் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வெளுத்துக் கிடந்தது, பழைய மீன். மீனைக் கூடையில் போட்டுவிட்டுப் போயே போய்விட்டாள். கூட்டமும் கலைந்தது.

அடுத்த கூடைக்கும் தேவராஜ் அதே மாதிரிதான் கூவினார். இந்தத் தடவை செவுள் ரத்தச் சிவப்பு. அவர் மூச்சு வாங்குவதற்குள் மீன் விற்றுப்போய்விட்டது.

குப்புராஜ் அந்தக் காலிக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி இருந்தவரை இந்த ஏலத்துக்குத்தான் மீன் கொண்டுவருவான்.

"அப்ப கம்பெனி வேணாம்னு சொல்லிடவா?"

"தேவராஜண்ணன் கூவலன்னா இந்தக் கூட்டம் வருமா?"

"வராது."

"அப்புறம் ஏன் வேணாங்கறீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வயசில் இன்னொரு கம்பெனி தன்னைத் தேடி வரப்போவதில்லை, ரேடியோவில் பேர் அடிபடாவிட்டால் தம்பி பாட்டைச் சீந்த நாதியிருக்காது, அதை எடுத்துவிட்டாலோ செத்தவனை மறுபடியும் கடலில் விட்ட மாதிரி ஆகிவிடும் என்று கொட்டித் தீர்த்தார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. கம்பெனிக்காரர்கள்தான்.

"என்ன சொல்லட்டும் மாஸ்டர்?"

"நல்லாக் கூவச் சொல்லுங்கண்ணே. கூடையிலேர்ந்து மீனை எடுக்கச் சொன்னா மட்டும் போனை வச்சிடுங்க."