சாமி ஏறாத படகு

சொட்டச் சொட்ட ஈரப் புடவையோடு செவந்தி மடத்து மேட்டில் ஏறினாள். இடுப்பில் பிள்ளை இருமிக்கொண்டே வந்தான். பின்னால் அவள் புருஷன் நாகலிங்கம்.

"வீட்டுக்குப் போய்ப் புடவை மாத்திக்கிட்டு வரலாம். சொன்னாக் கேளு."

அவள் திரும்பியே பார்க்கவில்லை.

மேலே மேட்டுச் சாமி கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாகலிங்கம் கல்யாணத்துக்கு முந்தியே அவரிடம் சீடனாய்ச் சேர்ந்தவன்; தினமும் காலையில் பாடம் கேட்க வருவான். செவந்தி அவர் முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. விசேஷ நாளில் வருவாள், ஓரமாய் நின்று கும்பிடுவாள், போய்விடுவாள்.

இன்றைக்கு நேரே போய் எதிரில் நின்றாள்.

"சாமி, நீங்க வித்த படகு நடு ஏரியில முழுகிடுச்சு."

கூரை போட்ட பழைய மரப்படகு அது. ஏரியைச் சுற்றி ஊர் ஊராய்ப் போய்ப் பேசுவதற்குச் சாமி வைத்திருந்தார். முட்டி வலி வந்த பிறகு கரையிலேயே கிடந்தது. உள்ளே நாலு பேர் படுக்கலாம், ஓரத்தில் அடுப்பு வைக்க இடம். கோடை லீவில் குடும்பத்தோடு தீவு தீவாய்ப் போய்த் தங்கிவிட்டு வரலாம் என்று நாகலிங்கம் அதை வாங்கினான். அதற்கு முன் அவன் ஒரு துடுப்புகூடச் சொந்தமாய் வைத்திருந்ததில்லை. ஆசை அவனுக்கு மட்டும் என்று சொல்லக்கூடாது. செவந்தி படகுக்கென்றே புதுப்பாய் வாங்கி வைத்திருந்தாள்.

படகு பார்க்க வந்த அன்று அவள் விரலை மடக்கிப் பலகையைத் தட்டினாள். ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று கேட்டது. மறுபடி தட்டப்போனவள் கையை நாகலிங்கம் பிடித்து இழுத்துவிட்டான்.

"சாமி படகு இது. தேங்காயா, தட்டிப் பார்த்து வாங்க?"

அதோடு அவள் விட்டுவிட்டாள். இன்று காலையில் குடும்பத்தோடு முதல் பயணம். கரை கண்ணுக்கு மறைகிறபோது பிள்ளையின் காலடியில் பலகை முறிந்து தண்ணீர் உள்ளே வந்தது. அவள் சோற்றுச் சட்டியால் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். அள்ள அள்ள ஏறியது. பிள்ளை கை நழுவித் தண்ணீரில் விழுந்தான்.

"பிள்ளைக்கு ஒன்னும் இல்லையே?" என்று சாமி எழுந்தார்.

"இருக்கான். மீன் பிடிக்கிறவங்க குதிச்சுத் தூக்கினதால இருக்கான். உங்க புண்ணியத்துல இல்ல."

நாகலிங்கம் பதறினான். "சாமிகிட்டப் பேசற பேச்சா இது? மன்னிச்சுடுங்க சாமி. பயத்துல ஏதோ..."

"பயம் ஏரியிலேயே போச்சு. இது கோபம்," என்றாள் செவந்தி.

சாமி ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "நான் என்ன செய்யணும், சொல்லு தாயி."

"படகைக் கட்டி இழுத்துக் கரையில போட்டிருக்காங்க. வாங்க. தண்ணியை இறைச்சு நானே தள்ளி விடறேன். நீங்க ஏறி உட்காருங்க. நான் கரையில நின்னு பார்க்கறேன்."

நாகலிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். சாமி பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்.

படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. சாமி ஏறவில்லை. குனிந்து, உள்ளே தளத்துப் பலகை ஒன்றைத் தூக்கினார். அடியில் இருந்த மரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஊறின ரொட்டியில் போகிறமாதிரி விரல் உள்ளே போனது.

"இதுல நான் ஏறமாட்டேன்," என்றார்.

நாகலிங்கம் ஓரடி கிட்டே வந்தான். "சாமி... இது உங்க படகு."

"இருந்தா? என் படகுன்னு தண்ணிக்குத் தெரியுமா?" சாமி அவனைப் பார்த்தார். "தளத்துப் பலகையைத் தூக்கிப் பார்த்து வாங்குடான்னு உன்கிட்டச் சொன்னேனே?"

"சொன்னீங்க சாமி."

"ஏன் பார்க்கல?"

"நீங்க... பணிவாச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

வேறு நாளாய் இருந்தால் செவந்தி சிரித்திருப்பாள். இன்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு சாமி பக்கம் திரும்பினாள்.

"இவர் தூக்கிப் பார்க்கலன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"இருந்தேன்."

"ஏன்?"

சாமி விரலில் ஒட்டியிருந்த மரத்தூளை உதறினார். "பலகையைத் தூக்காம இவன் என் காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு நின்னான். அது எனக்கு இதமா இருந்துச்சு."

விதி என்பார், சோதனை என்பார், அப்படிச் சொன்னால் இப்படிக் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் அவள் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்திருந்தாள். அவர் அதெல்லாம் சொல்லவில்லை. அதற்காக அவள் கோபம் இறங்கிவிடவும் இல்லை.

"உங்க இதத்துக்கு என் பிள்ளைதான் கிடைச்சானா?"

"தப்பு."

"தப்புன்னு சொல்லிட்டாப் போதுமா?"

"போதாது. அடி முழுக்க நான் மாத்தித் தரேன்."

"தந்தா? ஏறிடுவேன்னு நினைச்சீங்களா?"

"ஏறவேண்டாம். உனக்குத் தெரிஞ்ச தச்சனைக் கூட்டிட்டு வந்து காட்டு."

"அப்பவும் ஏறமாட்டேன். நீங்களும் இவரும் முதல்ல போங்க. ஏரிக் கோடியில இருக்கற தீவைச் சுத்திட்டு வாங்க. கால் நனையாம வந்தீங்கன்னா, அப்புறம் யோசிக்கறேன்."

"சரி தாயி."

நாகலிங்கம் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் முட்டியது. "சாமி, இத்தனை வருஷம் உங்க காலடியிலேயே கிடந்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சொன்னதுல எதையாச்சும், அது அப்படி இல்லைன்னு என்னைக்காவது சொல்லியிருக்கியா?"

"ஒரு நாளும் இல்ல சாமி! ஒரு வார்த்தை கூட..." பெருமையாய் ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சாமி குனிந்து, செவந்தியின் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். இருமல் நின்றிருந்தது.

"நாளையிலிருந்து காலையில நீ பிள்ளையைப் பார்த்துக்கடா. பாடத்துக்கு இவ வரட்டும்."

"நானா?" செவந்தி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "நீங்க சொல்ற ஒன்னையும் நான் இனிமே நம்பமாட்டேன்."

"அதுக்குத்தான்," என்றார் சாமி.