சத்தமே கேட்காத தோட்டா

மலையடிவாரத்தில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் களம். அங்கே ஆசிரியை ஸ்டெல்லாராணி. மாணவர் தணிகாசலம், ஓய்வுபெற்ற தாசில்தார். ஆசிரியையைவிட வயதில் மிகவும் மூத்தவர்.

அந்த வட்டாரத்தில் ஒரு காட்டுப்பன்றி மரவள்ளித் தோட்டங்களை உழுது போட்டது. காவலுக்குப் படுத்திருந்தவரின் தொடையையும் கிழித்துவிட்டது. அதைச் சுட வனத்துறையிடமிருந்து பயிற்சிக் களத்துக்கு உத்தரவு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: பக்கத்து மூங்கில் காட்டில் குட்டி ஈன்ற யானை நிற்கிறது, வெடிச்சத்தம் அதை மிரட்டக் கூடாது.

சைலன்சர் மாட்டிய மூன்று ரைஃபிள்களையும் அனுப்பிவைத்தார்கள்: குழல் விட்டம் அங்குலத்தில் .22, .300, .45; பேச்சில் இருபத்திரண்டு, முந்நூறு, நாற்பத்தஞ்சு. சுடும் பொறுப்பைத் தணிகாசலம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் அவர் சுடவில்லை. ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்த இருபத்திரண்டு சின்னக் குண்டு, சத்தம் கம்மி. ஆனா பன்றித் தோலுக்கு அது கொசுக்கடி. நாற்பத்தஞ்சு நல்ல கனம். முந்நூறு, அந்த ரெண்டுக்கும் நடுவுல. என் மனசு முந்நூறு பக்கம்தான் போகுது."

"அப்போ அதையே எடுத்துக்குங்க சார்."

"அவசரப்படக் கூடாது டீச்சர். மூணுமே ஒலியைவிட மெதுவாப் போற தோட்டாதான். 'படீர்'னு காத்தைக் கிழிக்காது. ஆனா எதுல சத்தம் ரொம்ப ரொம்பக் கம்மி?"

"நேத்தும் இதைத்தானே கேட்டீங்க?"

"நேத்து காத்து எதிர்ப்பக்கமா அடிச்சுது."

இதற்குள் பன்றி இன்னொரு தோட்டத்தை முடித்திருந்தது.

ஸ்டெல்லாராணி எழுந்தாள். "சுடுற இடத்துல நின்னா தெரியாது சார். குண்டு போய்ச் சேர்ற இடத்துல உக்காந்து கேளுங்க."

குறிக்குக் கீழே, கனத்த மண்மேட்டின் மறைவில் ஆழமான குழி ஒன்று இருந்தது. தணிகாசலம் அதில் இறங்கினார். அவர் தலைக்கு மேலே வெகு உயரத்தில் குறியாக ஒரு தகரம் தொங்கியது. கச்சேரி கேட்பவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆசிரியை மூன்று ரைஃபிள்களாலும் தலா ஒரு முறை சுட்டாள். பிறகு, சுட்டு முடிந்தது என்பதற்கு அடையாளமாக, களத்தில் ஏற்றியிருந்த சிவப்புக் கொடியை இறக்கினாள்.

தலையெல்லாம் மண்ணோடு தணிகாசலம் ஏறி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ரெண்டாவதா சுட்டது முந்நூறுதானே டீச்சர்?"

"ஆமா."

"நான் சொல்லல? மொதல்ல ஒரு 'டங்'. கடைசியில பெரிய 'டங்'. நடுவுல எறும்பு தும்மின சத்தம்கூட இல்ல! அமைதின்னா அது அமைதி!"

ஆசிரியை அவரைத் தகரத்தின் அருகே கூட்டிக்கொண்டு போனாள்.

தகரத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. தணிகாசலம் ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார். மற்றதிலும் விட்டுப் பார்த்தார். சுற்றிப் போய்ப் பின்பக்கமும் பார்த்தார்.

"முந்நூறோட ஓட்டை எங்கே?"

"இல்லை."

"குண்டு?"

"பின்னாடி இருக்கிற மண்ணுல எங்கேயாவது கிடக்கும். நான்தான் வேணும்னே தகரத்தை விட்டுத் தள்ளிச் சுட்டேன்."

தணிகாசலம் தலையிலிருந்த மண்ணைத் தட்டினார். வெகுநேரம் தட்டினார்.

"அப்போ... நான் எதைத்தான் எடுத்துட்டுப் போறது டீச்சர்?"

"முந்நூறையே எடுத்துட்டுப் போங்க சார். இதே மாதிரி சுடுங்க. பன்றிக்குக்கூடத் தெரியாது."