போகிக்கு எரித்தது

அயனாவரத்தில் ஒரு சந்துக்குள் சின்னதாக ஒரு மடம் இருந்தது. குருவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சீடர் தணிகாசலத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. இரும்புக் கடை நடத்தியவர். துறவையும் கடைக்காரர் சுறுசுறுப்போடுதான் பிடித்துக்கொண்டார். பொங்கலன்று காவி வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பிடித்து வைத்திருப்பதை முதலில் விடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று குரு சொல்லியிருந்தார்.

இதென்ன பிரமாதம் என்று தோன்றியது தணிகாசலத்துக்கு. போகி விடியலில், ஆசையாக வைத்திருந்ததையெல்லாம் சந்து முனையில் குவித்தார். கல்யாணமான புதிதில் வாங்கிய மெத்தை, கடையில் உட்கார்ந்திருந்த ரெக்ஸின் நாற்காலி, முதல் ஸ்கூட்டரின் டயர்கள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். கரும்புகை சந்து முழுவதையும் அடைத்தது. அவருக்கு மனசு லேசாகிவிட்டது. அதில் பொய்யில்லை, நின்று அழவும் செய்தார்.

குளித்துவிட்டு நேரே மடத்துக்கு வந்தார்.

"எல்லாத்தையும் விட்டாச்சு சாமி. இன்னும் என்ன பாக்கி?"

குரு வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, ஆட்டோவில் ஏற்ற ஆள் வேண்டும் என்றாள். இருவரும் எழுந்து போனார்கள்.

அவள் அம்மா பச்சையம்மாள் கட்டில் விளிம்பில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. தணிகாசலத்தைப் பார்த்து "அண்ணே" என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

"யாரோ டயரை எரிச்சிருக்காங்க சாமி. வீடு பூரா புகை. இன்ஹேலருக்கும் அடங்கல" என்றாள் மகள்.

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. தலைமாட்டுப் பக்கம் அவரைப் பிடிக்கச் சொன்னார் குரு. அவர் மார்பில் சாய்ந்தபடிதான் அந்த அம்மாள் ஆட்டோவரை வந்தாள். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் அவர் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

ஆட்டோ போய்விட்டது. நியாயம் கேட்பவர்போலத் தணிகாசலம் மெல்லச் சொன்னார்:

"விடணும்னுதானே சாமி எரிச்சேன்."

"எங்கே ஐயா விட்டீங்க?" என்றார் குரு. "அந்தம்மா நெஞ்சுல கொண்டுபோய் வெச்சிருக்கீங்க."