மகாலட்சுமி இட்ட மஞ்சள்

வேம்பனூர் ஜமீன் தாமரைக்குளத்தில் இலையெல்லாம் மஞ்சள் புள்ளி விழுந்து கருகிக்கொண்டிருந்தது. தாமரை இலைகளைப் பறித்துச் சாப்பாட்டு இலையாக விற்றுப் பிழைக்கும் செம்பாயி, "இது பூஞ்சணம். புள்ளி விழுந்ததை அறுத்து எரிக்கணும்" என்றாள்.

குளத்தைப் பராமரிப்பதாகச் சொல்லி மானிய நிலம் அனுபவித்துவந்த ஆஸ்தானப் பண்டிதருக்குச் சிரிப்பு வந்தது. "மகாலட்சுமி இட்ட மஞ்சள் அது. நோய் என்றால் நாளைக்குள் நிரூபி. இல்லையேல் குளத்தில் கால் வைக்காதே."

ஜமீன்தார் தலையாட்டினார். அவருக்கு நன்றாக வரும் வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் செம்பாயி வெறுங்கையோடு சபைக்கு வந்து பண்டிதரைக் கும்பிட்டாள்.

"சாமி சொன்னதுதான் சரிங்க. இவ்வளவு மஞ்சளும் ஜமீனுக்கு மட்டும் எதுக்குன்னு, புள்ளி இலையாப் பார்த்து ஒரு கூடை அறுத்து, சாமி வீட்டுத் தாமரைத் தொட்டியில கொட்டச் சொல்லியிருக்கேன்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். "அடிப்பாவி, ஒட்டிக்கொள்ளுமே! ஓர் இலை பட்டாலே தொட்டி முழுக்க அழுகிப்போகுமே!"

ஜமீன்தாரின் தலை முதல்முறையாக ஆடாமல் நின்றது.

"பதறாதீங்க சாமி," என்றாள் செம்பாயி. "மகாலட்சுமி இன்னும் வாசல்ல கூடையிலதான் இருக்கா. நீங்க உத்தரவு கொடுத்தா எரிச்சிடறேன்."